துலாவில் இருந்து ஊன்றுகோல் வரை: நம் வளவுக்குள் இருக்கும் திருப்பு விசை

தெல்லிப்பழையில் இருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போய் ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினால், மீளக்குடியேறியவர்களின் வளவுகள் வரிசையாக வருகின்றன. முன்னால் புதிதாகக் கட்டிய சிறிய வீடு. அதன் பின்னால் கூரை இல்லாத பழைய வீட்டின் சுவர்கள். அதற்கும் பின்னால் கிணறு. நான் போன வளவில், கிணற்றில் இருந்து சற்றுத் தள்ளி இரண்டு தூண்கள் நின்றன. மேலே எதுவும் இல்லை. ஊர் தெரியாத ஒருவர் அவற்றை உடைந்த கட்டடத்தின் மிச்சம் என்றுதான் நினைப்பார். அவை துலாவின் ஆடுகால்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. போர் முடிந்த பிறகு அவை கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. ஒரு பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை. திரும்பி வந்த பலருக்கு முதலில் பற்றைக்காட்டை வெட்ட வேண்டியிருந்தது. அடுத்து கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க வேண்டியிருந்தது.

“இதிலைதான் பிள்ளை தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சது. நானும் தமையனும் துலாவிலை ஏறி நடப்பம். ஐயா கீழை நிண்டு பட்டை பிடிப்பார்” என்றார் எழுபது வயதைக் கடந்த வீட்டுக்காரர்.

அவருடைய மகள் இறுதிப் போரில் இடது கையை முழங்கைக்குக் கீழே இழந்தவர். வீட்டில் மோட்டர் இருக்கிறது. ஆனால் மின்சாரம் நின்றால், அல்லது மாதக் கட்டணத்தைக் குறைக்க வேண்டியிருந்தால், கப்பியில்தான் தண்ணீர் அள்ளுகிறார். வலது கையால் கயிற்றை இழுத்து, இழுத்த கயிற்றைக் காலால் மிதித்துப் பிடித்து, கையை விட்டு மறுபடி மேலே பிடித்து இழுக்கிறார். “ஒரு வாளிக்குப் பத்துத் தரம் மிதிக்க வேணும் தங்கச்சி” என்றார்.

ஒரே வளவுக்குள் இரண்டு கருவிகள். துலா, நூற்றுக்கணக்கான வாளித் தண்ணீரைக் களைப்புத் தெரியாமல் மேலே கொண்டுவந்தது. கப்பி, ஒரு வாளிக்கே அவரை மூச்சு வாங்க வைக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்? இதற்கான விடை 10 ஆம் தர விஞ்ஞானப் பாடத்தில் இருக்கிறது. ஊடகக் கற்கைகள் படித்த எனக்கு அந்தப் பாடம் பரீட்சையோடு மறந்துபோயிருந்தது. இந்தக் கட்டுரைக்காக அதை மீண்டும் படித்தபோது, அது பரீட்சைக்கான பாடம் அல்ல, உடல் வலுக் குறைந்தவர்கள் நாளாந்தம் பயன்படுத்த வேண்டிய பாடம் என்று தோன்றியது.

திருப்பம் என்றால் என்ன?

வீட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். கைபிடியைப் பிடித்துத் தள்ளினால் இலகுவாகத் திறக்கும். இப்போது பிணைச்சலுக்குப் பக்கத்தில் ஒரு விரலை வைத்துத் தள்ளிப் பாருங்கள். கதவு அசையாது, அல்லது மிகவும் கஷ்டப்பட்டு அசையும். கதவும் அதே கதவு, தள்ளுபவரும் அதே ஆள். மாறியது ஒன்றுதான்: தள்ளும் இடத்துக்கும் பிணைச்சலுக்கும் இடையிலான தூரம்.

ஒரு பொருளைச் சுழல வைக்கும் ஆற்றல் விசையில் மட்டும் தங்கியிருப்பதில்லை. விசையை, அது சுழலும் புள்ளியில் இருந்து உள்ள தூரத்தால் பெருக்கினால் வருவதே அந்த ஆற்றலின் அளவு. இதைப் பாடப்புத்தகம் விசையின் திருப்பம் என்கிறது. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் திருப்பு விசை, முறுக்கு விசை என்று வரும். மோட்டார் சைக்கிள் விளம்பரங்களில் ‘டோர்க்’ என்று போடுவதும் இதைத்தான். இதன் அலகு நியூற்றன் மீற்றர். ஒரு கிலோகிராம் பொருளின் எடை ஏறத்தாழ 10 நியூற்றன். ஆகவே ஒரு மீற்றர் நீளத் தடியின் நுனியில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டால், மறுநுனியில் ஏறத்தாழ 10 நியூற்றன் மீற்றர் திருப்பம் ஏற்படும். இந்தக் கட்டுரையில், புரிவதற்கு இலகுவாக, விசையையும் கிலோ எடையிலேயே சொல்கிறேன்.

கதவின் அகலம் 80 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நுனியில் ஒரு கிலோ அளவு விசை போதும் என்றால், பிணைச்சலில் இருந்து 20 சென்ரிமீற்றரில் தள்ளுவதற்கு நான்கு கிலோ விசை வேண்டும். 10 சென்ரிமீற்றரில் என்றால் எட்டுக் கிலோ.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. விசை எந்தத் திசையில் செயற்படுகிறது என்பதும் முக்கியம். கதவின் நுனியைப் பிடித்து, பிணைச்சலை நோக்கி நேராக எவ்வளவு அழுத்தினாலும் கதவு திறக்காது. கதவுக்குச் செங்குத்தாகத் தள்ளும்போதுதான் முழுப் பலன் கிடைக்கிறது. எனவே கணக்கில் வரும் தூரம், விசையின் கோட்டுக்குச் செங்குத்தாக அளக்கப்படும் தூரம்.

துலா எப்படி வேலை செய்தது?

இரண்டு ஆடுகால்களுக்கு இடையில் குறுக்காக அச்சுலக்கை. அதன் மேல் நீளமான துலா. ஒரு பக்க நுனியில் இருந்து துலாக்கொடி கிணற்றுக்குள் இறங்கும். அதன் முனையில் பனையோலைப் பட்டை அல்லது வாளி. துலாவின் தடித்த அடிப்பக்கம் மறுபுறம் இருக்கும். தேவைப்பட்டால் அதில் கல்லும் கட்டுவார்கள். தோட்டத்துக்கு இறைக்கும்போது ஒருவரோ இருவரோ துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றுப் பக்கமாக நடந்தால் பட்டை இறங்கும். அடிப்பக்கமாக நடந்தால் நிறைந்த பட்டை மேலே வரும். தமிழ்நாட்டில் இதை ஏற்றம் என்பார்கள். எகிப்தில் நைல் நதிக்கரையில் இதே வகைக் கருவி மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்பாட்டில் இருக்கிறது.

ஒரு உதாரணக் கணக்கைப் பார்ப்போம். வெறும் பட்டையோடு துலா சமநிலையில் நிற்கிறது. அச்சுலக்கையில் இருந்து கிணற்றுப் பக்க நுனி 5 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. பட்டையில் 25 லீற்றர் தண்ணீர், அதாவது 25 கிலோ. அது தரும் திருப்பம் 25 × 5 = 125. துலாவில் நடப்பவர்கள் இருவர், ஒவ்வொருவரும் 60 கிலோ, மொத்தம் 120 கிலோ. அவர்கள் அச்சுலக்கையில் இருந்து அடிப்பக்கமாக ஒரு மீற்றர் தள்ளி நின்றால் திருப்பம் 120. தண்ணீர் இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கிறது. அவர்கள் இன்னும் 25 சென்ரிமீற்றர் நகர்ந்தால் 120 × 1.25 = 150. இப்போது பட்டை மேலே வரும். அரைக் காலடி வித்தியாசத்தில் எல்லாம் மாறிவிடுகிறது. துலா மிதிப்பதில் பழகியவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டதில்லை. அவர்களின் பாதங்களுக்கு அது தெரிந்திருந்தது.

இதில் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பட்டை 5 மீற்றர் உயரும்போது, 1.25 மீற்றரில் நிற்பவர்கள் 1.25 மீற்றர் கீழே இறங்குகிறார்கள். அடுத்த பட்டைக்காக அவர்கள் சரிந்த துலாவில் மறுபடி மேலே ஏறி நடக்க வேண்டும். தண்ணீரைத் தூக்கிய வேலை அப்படித்தான் ஈடுசெய்யப்படுகிறது. ஆனால் தோள்களாலும் கைகளாலும் இழுப்பதை விட, உடலின் மிகப் பெரிய தசைகளான கால் தசைகளால் நடப்பது இலகு. விசை குறைந்தால் தூரம் கூடும். தூரம் குறைந்தால் விசை கூடும். எல்லா நெம்புகளுக்கும் இதுதான் சட்டம். கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் இதைக் கணித விதியாக எழுதிவைத்தார்.

கப்பியின் குறை, கைபிடி உருளையின் பலன்

கிணற்றுக்கு மேலே தொங்கும் ஒற்றைக் கப்பி ஒரு உதவிதான் செய்கிறது: விசையின் திசையை மாற்றுகிறது. குனிந்து மேல்நோக்கி இழுப்பதற்குப் பதிலாக, நிமிர்ந்து நின்று கீழ்நோக்கி இழுக்கலாம். ஆனால் கப்பியின் இரண்டு பக்கமும் மையத்தில் இருந்து ஒரே தூரம் என்பதால், 11 கிலோ வாளியைத் தூக்க 11 கிலோவும் உராய்வுக்கு இன்னும் கொஞ்சமும் இழுக்க வேண்டும். அதோடு, இரண்டு கைகளும் மாறி மாறிப் பிடிக்க வேண்டும். ஒரு கை இல்லாதவருக்குக் கப்பி தரும் சிக்கல் இந்த இரண்டாவது விடயத்தில்தான் இருக்கிறது.

கப்பிக்குப் பதிலாக ஒரு உருளையைக் குறுக்காகப் பொருத்தி, அதன் ஒரு முனையில் வளைந்த கைபிடி வைத்தால் கணக்கு மாறுகிறது. உருளையின் ஆரை 8 சென்ரிமீற்றர், கைபிடியின் நீளம் 32 சென்ரிமீற்றர் என்று வைப்போம். 11 கிலோ வாளி தரும் திருப்பத்தை 11 × 8 ÷ 32, அதாவது 2.75 கிலோ விசையால் சமன் செய்யலாம். உராய்வையும் சேர்த்தால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் கயிறு சுற்றும். 6 மீற்றர் ஆழத்துக்கு 12 சுற்று. கையை விட்டுப் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு கை போதும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கை தவறினால் வாளியின் எடை உருளையைப் பின்னோக்கிச் சுழற்றும். அப்போது கைபிடி வேகமாகச் சுற்றி வந்து முகத்திலோ கையிலோ அடிக்கும். எனவே பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் பற்சில்லும் கொக்கியும் கட்டாயம் இருக்க வேண்டும். உருளையைச் செய்யக் கொடுக்கும்போது வேலைத்தலத்தில் இதை முதலில் சொல்லுங்கள்.

இரண்டு கைகளும் இருந்து, வலு மட்டும் குறைந்த முதியவர்களுக்கு வீட்டுக் கிணற்றில் சிறிய துலாவும் பொருந்தும். இதில் ஒரு பழைய உத்தி இருக்கிறது. எதிர்ப்பாரத்தை வெறும் வாளிக்கும் நிறைவாளிக்கும் நடுவில் வைக்க வேண்டும். வெறும் வாளி 1 கிலோ, நிறைவாளி 11 கிலோ என்றால், வாளிப் பக்கத்தில் 6 கிலோவைச் சமன் செய்யும்படி அடிப்பக்கத்தில் கல் கட்டுங்கள். அப்போது வாளியை இறக்க 5 கிலோ விசை, ஏற்றவும் 5 கிலோ விசை. 11 கிலோவை ஒரேயடியாகத் தூக்கும் வேலை இரண்டு பாதியாகப் பிரிகிறது.

சைக்கிள்: பெடலில் இருந்து பொதி வரை

யாழ்ப்பாணத்தில் திருப்பு விசையை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த இயந்திரம் சைக்கிள்தான். பெடல் தண்டின் நீளம் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். அதன் நுனியில் 30 கிலோ அளவுக்கு மிதித்தால், பெரிய பற்சில்லில் ஏறத்தாழ 51 நியூற்றன் மீற்றர் திருப்பம் கிடைக்கும். முன்னால் 44 பற்கள், பின்னால் 18 பற்கள் என்றால், பின்சில்லுக்குப் போகும் திருப்பம் 21 நியூற்றன் மீற்றராகக் குறைகிறது. ஆனால் பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சில்லு ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். சமதரையில் விசையை விட வேகம் தேவை என்பதால் இது நல்ல பேரம். எதிர்க்காற்றிலும் மணல் ஒழுங்கையிலும் பேரம் நமக்குப் பாதகமாகிறது. அப்போதுதான் இருக்கையை விட்டு எழும்பி முழு உடல் எடையையும் பெடலில் போடுகிறோம்.

பெடல் உச்சியில் நேராக நிற்கும்போது எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் நகராது. விசை நேராக அச்சை நோக்கிப் போவதால் அதற்குத் திருப்பமே இல்லை. பெடல் தண்டு கிடையாக வரும்போதுதான் முழுத் திருப்பமும் கிடைக்கிறது. புதிதாகச் சைக்கிள் ஓடிப் பழகும் பிள்ளைக்கு, பெடலைச் சற்று முன்னால் கொண்டுவந்து வைத்து மிதிக்கச் சொல்வது இதனால்தான்.

1990களில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாத காலத்தை நினைத்துப் பாருங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் பல. அப்போது சுற்றியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். வானொலியைத் தொடுக்கும் முன் பெடல் இலகுவாகச் சுற்றும். தொடுத்தவுடன் கை கனக்கும். டைனமோ மின்சாரத்தைக் கொடுக்கும்போது அதற்குள் இருக்கும் காந்தம் சுழற்சிக்கு எதிர்த்திருப்பம் ஒன்றை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பை வென்று கை செய்த வேலைதான் செய்தியாளரின் குரலாக வந்தது.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோது, பல குடும்பங்களின் முழு வீடும் ஒரு சைக்கிளின் மேல்தான் இருந்தது. பின் கரியரில் பொதியைக் கட்டி உருட்டிக்கொண்டு போனவர்களுக்கு முன்சில்லு மேலே எழும்பியது நினைவிருக்கலாம். இதுவும் திருப்பம்தான். சுழலும் புள்ளி பின்சில்லின் அச்சு. 60 கிலோ பொதியின் நடு, அச்சுக்கு 20 சென்ரிமீற்றர் பின்னால் இருந்தால் திருப்பம் 12. 20 கிலோ சைக்கிளின் எடை, அச்சுக்கு 50 சென்ரிமீற்றர் முன்னால் செயற்பட்டால் திருப்பம் 10. பொதி வெல்கிறது, முன்சில்லு எழும்புகிறது. ஹாண்டிலை இரண்டு மூன்று கிலோ அளவுக்கு அழுத்திக்கொண்டே நடக்க வேண்டும். பாரத்தைச் சற்று முன்னால் தள்ளிக் கட்டினாலோ, பாரமான பொருளை நடுச்சட்டத்துக்குள் தாழ்வாக வைத்தாலோ இந்தப் பிரச்சினை இருக்காது. இன்றும் விறகு, புல்லு, அரிசிமூட்டை ஏற்றுபவர்களுக்கு இது பொருந்தும்.

அலவாங்கும் ஸ்பனரும்

மீளக்குடியேறியவர்கள் அதிகம் பயன்படுத்திய கருவி அலவாங்கு. ஒன்றரை மீற்றர் நீள அலவாங்கின் நுனியில் இருந்து 15 சென்ரிமீற்றரில் ஒரு கல்லை அண்டை கொடுத்தால், கை இருக்கும் பக்கம் 135 சென்ரிமீற்றர் மீதம் இருக்கும். ஒன்பது மடங்கு. 30 கிலோ அழுத்தம் கொடுத்தால் 270 கிலோ பாரத்தை அசைக்கலாம். இடிந்த வீட்டின் கொங்கிறீற் துண்டுகளை வயதானவர்கள் தனியாகப் புரட்டியது இப்படித்தான். அண்டைக் கல் வழுக்கினால் அலவாங்கு திரும்பி அடிக்கும் என்பதால், அதற்கு நேர் மேலே குனியாமல் ஒரு பக்கமாக நின்று அழுத்துவதே பாதுகாப்பு.

இந்த இடத்தில் மிக முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். விடுவிக்கப்பட்ட காணியில் மண்ணுக்குள் அடையாளம் தெரியாத இரும்புப் பொருள் தென்பட்டால் அதை நெம்பக் கூடாது, தட்டக் கூடாது, கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. வெடிக்காத குண்டுக்கு எவ்வளவு சிறிய திருப்பம் போதும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேலையை நிறுத்தி, வந்த வழியாலேயே திரும்பி, பிள்ளைகளை விலக்கி வைத்து, கிராம சேவகருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள்.

சில்லின் நட்டைக் கழற்றுவதும் இதே கணக்குத்தான். காரின் சில்லு நட்டுக்கு ஏறத்தாழ 100 நியூற்றன் மீற்றர் திருப்பம் தேவை என்று வைத்தால், 25 சென்ரிமீற்றர் ஸ்பனரில் 40 கிலோ அழுத்த வேண்டும். பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி 50 சென்ரிமீற்றராக நீட்டினால் 20 கிலோ போதும். கழற்றும்போது மட்டும் குழாயைப் பயன்படுத்துங்கள். இறுக்கும்போது பயன்படுத்தினால் அளவுக்கு மீறி இறுகி, புரி உரிந்துவிடும்.

லாண்ட்மாஸ்டரை முதலாம் கியரில் போட்டால் மெதுவாகப் போனாலும் சேற்றில் இழுக்கிறது. இயந்திரத்தின் வலு, திருப்பத்தையும் சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவது. வலு மாறாமல் வேகத்தைக் குறைத்தால் திருப்பம் கூடும். கியர் பெட்டி செய்யும் வேலை அதுதான்.

உடம்புக்குள் இருக்கும் நெம்புகள்

நம் மூட்டுகள் ஒவ்வொன்றும் சுழலும் புள்ளிகள். முழங்கையைச் செங்கோணமாக மடித்து, கையில் 10 கிலோ வாளியைப் பிடித்திருக்கிறீர்கள். வாளி முழங்கையில் இருந்து ஏறத்தாழ 32 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கும் மேற்கைத் தசையோ முழங்கையில் இருந்து ஏறத்தாழ 4 சென்ரிமீற்றரில்தான் எலும்போடு இணைகிறது. எட்டு மடங்கு வித்தியாசம். தசை 80 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். கையை நேராகத் தொங்கவிட்டு வாளியைத் தூக்கினால் முழங்கையில் இந்தத் திருப்பம் ஏறத்தாழ இல்லாமல் போகிறது.

முதுகும் அப்படியே. 15 கிலோ குடத்தை உடலில் இருந்து 40 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்துத் தூக்கினால், முள்ளந்தண்டில் இருந்து ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கும் முதுகுத் தசைகள் அந்தக் குடத்துக்காக மட்டும் 120 கிலோ இழுக்கின்றன. உடலோடு ஒட்டி 20 சென்ரிமீற்றரில் பிடித்தால் 60 கிலோ. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போகும் நம் பெண்களின் வழக்கத்துக்குள்ளும் இந்தக் கணக்கு இருக்கிறது. தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் நிறைந்த நம் ஊர்களில் முதுகுவலி சாதாரணமாகிவிட்டது. மருந்துக்கு முன்னால், தூக்கும் முறையைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது ஊன்றுகோல். இடுப்பிலோ காலிலோ வலி உள்ள பலர், வலிக்கும் பக்கக் கையிலேயே கோலைப் பிடிக்கிறார்கள். இடுப்பு வலிக்கு அது தவறு. ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில், 50 கிலோ உடல் எடை இடுப்பு மூட்டில் இருந்து ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் உள்ளே செயற்படுகிறது. அதைச் சமன் செய்யும் இடுப்புத் தசை 5 சென்ரிமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. எனவே தசை 100 கிலோ இழுக்கிறது. மூட்டின் மேல் 150 கிலோ பாரம் விழுகிறது. இப்போது மறுபக்கக் கையில் கோலைப் பிடித்து 5 கிலோ மட்டும் அழுத்துங்கள். அந்தக் கை, வலிக்கும் மூட்டில் இருந்து ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் தள்ளி இருப்பதால் அதன் திருப்பம் உடல் எடையின் திருப்பத்தில் பாதியை எடுத்துவிடுகிறது. தசையின் இழுவை 50 கிலோவாகவும், மூட்டின் பாரம் 95 கிலோவாகவும் குறைகிறது. இவை உதாரண அளவுகள். ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் கோல் மறுபக்கக் கையில் என்ற விதி மாறாது.

செயற்கைக் கால் அணிபவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே பொருத்தும் காலின் பாதம் அளவுக்கு மீறி முன்னால் இருந்தால், நடக்கும்போது முழங்கால் பின்னோக்கித் தள்ளப்படும். பின்னால் இருந்தால் முழங்கால் சட்டென்று மடியும். சில சென்ரிமீற்றர் பிழை ஒவ்வொரு காலடியிலும் ஒரு திருப்பமாக மாறி, எஞ்சிய காலின் தோலையும் மூட்டையும் வருத்தும். எஞ்சிய பகுதி குறுகியதாக இருந்தால், செயற்கைக் காலைக் கட்டுப்படுத்தும் நெம்பும் குறுகியது. தோலில் அழுத்தம் கூடும். “பழகினால் சரிவரும்” என்று வலியோடு நடக்காமல், காலைச் செய்து தந்த நிலையத்துக்குப் போய்ச் சீரமைக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் சரிவில் ஏறும்போது பின்னால் கவிழ்வதும் திருப்பத்தால்தான். சரிவு கூடக் கூட, உடலின் எடை பின்சில்லின் அச்சைத் தாண்டிப் பின்னால் போகிறது. நாற்காலியின் முதுகில் பாரமான பையைத் தொங்கவிட்டால் ஆபத்து இன்னும் கூடும். ஏறும்போது உடலை முன்னால் சாய்ப்பது நல்லது. சாய்தளம் கட்டும்போது 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. 30 சென்ரிமீற்றர் உயரப் படிக்கு 3.6 மீற்றர் நீளம் வேண்டும். நம் ஊரில் கோவில்களிலும் அலுவலகங்களிலும் கட்டியிருக்கும் சில சாய்தளங்களை ஒருமுறை அளந்து பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய சில மாற்றங்கள்

- உருண்டைக் குழாய்த் திருகிக்குப் பதிலாக நீளப் பிடி உள்ள குழாய். திருகியின் ஆரை இரண்டரை சென்ரிமீற்றர், பிடியின் நீளம் 10 சென்ரிமீற்றர் என்றால் கால்வாசி விசை போதும். விரல்கள் இல்லாதவர்கள் முழங்கையாலும் திறக்கலாம்.
- கதவுக்கு உருண்டைக் குமிழுக்குப் பதிலாக நீளக் கைபிடி.
- போத்தல் மூடி இறுகினால், போத்தலை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கி, மூடியின் மேல் ரப்பர் துண்டு ஒன்றை வைத்துத் திருகுங்கள். ஒரு கையால் முடியும்.
- குந்தியிருந்து திருவலையில் தேங்காய் திருவ முடியாதவர்களுக்கு, மேசையில் பூட்டிக் கைபிடியால் சுற்றும் திருவலை.
- பாக்குவெட்டியிலும் கத்தரிக்கோலிலும் கடினமான பொருளை அலகின் நுனியில் வைக்காமல் ஆணிக்கு அருகில் வைத்து வெட்டுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. வீடு கட்டும்போதே யோசித்தால் கூடுதல் செலவே இல்லை. மீள்குடியேற்ற வீடுகளுக்கு வரைபடம் போடும்போது, அந்த வீட்டில் இருப்பவருக்கு எத்தனை கை, எத்தனை கால் என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும்.

நான் மறுமுறை போனபோது, தகப்பன் ஆடுகால்களுக்கு மேலே மறுபடி ஒரு துலா போடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் மறுத்தார். துலாக்கொடியையும் கை மாற்றி மாற்றித்தான் இழுக்க வேண்டும், அது தனக்குச் சரிவராது என்றார். அவர் சொன்னது சரி. கடைசியில் கப்பித் தூண்களுக்கு இடையில் ஒரு உருளை பொருத்துவது என்று முடிவானது. வேலைத்தலத்துக்குக் கொடுக்க ஒரு கொப்பித் தாளில் அளவுகளைக் குறித்தோம்: உருளை, கைபிடி, பின்னே சுழலாமல் தடுக்கும் கொக்கி.

தாளை மடிக்கும் முன் அவர் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்.

“கைபிடி வலப்பக்கம் எண்டு எழுதுங்கோ.”